தேனீ வண்டிக்குப் போட்ட காற்றுப் பை

1. முறிந்த அடை

கலைச்செல்வி பிக்கப்பை வாசலிலேயே நிறுத்திவிட்டு, ஒரு மரச்சட்டத்தைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குள் வந்தாள். சட்டத்தில் இருந்த தேனடை பாதியில் முறிந்து தொங்கியது. ஒழுகிய தேனில் தேனீக்கள் மூழ்கிச் செத்துக் கிடந்தன.

"ஒரே ஒரு ஸ்பீடு பிரேக்கர்ண்ணா. அதுல ஆனது இது," என்றாள்.

செஞ்சியில் திண்டிவனம் சாலையில் இருக்கும் பட்டறை அது. நான் அங்கே சஸ்பென்ஷன் வேலை பார்ப்பவன். லாரிகளின் அடியில் ஸ்பிரிங்காக இருக்கும் இரும்புப் பட்டையை மாற்றியே தலை நரைத்துவிட்டது. கலைச்செல்வி சிங்கவரத்துப் பெண். அவளுடைய அப்பா அம்மா அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். இவள் விவசாயம் படித்தாள். சொந்த நிலம் இல்லாமலே செய்யக்கூடிய விவசாயம் என்று தேனீ வளர்ப்பில் இறங்கினாள். எங்கே பூ பூக்கிறதோ அங்கே பெட்டிகளைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். அதற்காகத்தான் அந்தப் பழைய பிக்கப்.

நம் பக்கம் ஓடும் பாரவண்டிகளில் பெரும்பாலும் பின்பக்கம் பட்டைதான் இருக்கும். இதில் காயில் ஸ்பிரிங். காலியாகப் போனால் கார் மாதிரி மெத்தென்று போகும். பெட்டிகளை ஏற்றினால் பின்பக்கம் உட்கார்ந்துவிடும். பள்ளம் வந்தால் அச்சு மேலே போய், அடி தாங்குவதற்காகக் காயிலுக்குள் வைத்திருக்கும் பம்ப் ரப்பரில் மோதும். அந்த அடி நேராகத் தேனடைக்குப் போகும். இத்தனைக்கும் அவள் வண்டிக்குரிய எடைக்கு மேல் ஒருபோதும் ஏற்றியதில்லை.

முதலாளி எட்டிப் பார்த்தார். "ஏம்பா மணி, தடி காயிலா பாத்து மாத்தி வுட்டுடு. வேலை முடிஞ்சிது."

"மாத்தலாம் மொதலாளி. அப்புறம் கொஞ்சமா ஏத்துனா வண்டி குதிக்கும். அடை அதுலயும் ஒடையும்."

கலைச்செல்வி ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்தாள். ஆன்லைனில் வாங்கியதாம். உள்ளே உருளையாக இரண்டு பைகள், மெல்லிய ட்யூப், வால்வு. "இத்த காயிலுக்குள்ள வெச்சி காத்தடிக்கணும்ண்ணா. போடத் தெரியுமா?"

"போட்டதில்லம்மா. ஆனா பாத்தா புரியுது. எப்ப வேணும்?"

"இன்னிக்கே. பெட்டியெல்லாம் எள்ளு வயல்ல இருக்குது. பக்கத்துக் கொல்லையில நாளைக்கு மருந்து அடிக்கிறாங்க. கெஞ்சிப் பாத்துட்டேன், இதுக்கு மேல தள்ள முடியாதுன்றாங்க. விடிகாலையில எடுத்துடலன்னா ஒரு பூச்சி தங்காது."

2. கையால் சுருட்டிய வேலை

வண்டியைச் சேஸில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, ஸ்டாண்டு வைத்தோம். ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றியதும் அச்சு தொங்கி, காயிலின் இடைவெளி விரிந்தது. உள்ளே இருந்த பம்ப் ரப்பரை எடுத்துவிட்டேன். இனி அதன் வேலையைப் பைதான் செய்ய வேண்டும்.

பையை அழுத்திக் காற்றை முழுக்க வெளியேற்றி, அதன் வாயை மூடியால் அடைத்தேன். பிறகு பாயைச் சுருட்டுவது போல நீளவாக்கில் சுருட்டி, காயிலின் இரண்டு சுற்றுகளுக்கு நடுவே நுழைத்தேன். மூடியைத் திறந்ததும் அது தானாக மூச்சு வாங்கிக்கொண்டு, காயிலுக்குள் நிமிர்ந்து நின்றது. ட்யூபைச் சேஸ் ஓரமாக, சைலன்சர் சூடு படாத பக்கம் கொண்டுபோய், நம்பர் பிளேட்டுக்குப் பக்கத்தில் பைக்கு ஒன்றாக வால்வைப் பொருத்தினேன்.

அச்சைப் பழையபடி பூட்டி, இரண்டு பைகளுக்கும் காற்றடித்துவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து பார்த்தால் வலதுபக்கப் பையில் காற்று இல்லை.

சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்தேன். ட்யூப் சேரும் இடத்தில் கடுகளவு நுரை. கட்டிங் பிளேயரில் வெட்டியதால் ட்யூபின் முனை நசுங்கியிருந்தது. புது பிளேடால் நேராக வெட்டி மறுபடி செருகினேன். நுரை நின்றது.

கலைச்செல்வி கீழே குனிந்து பார்த்தாள். "இவ்ளோ சின்ன பையி. நெசமா தூக்குமாண்ணா?"

எனக்கும் அதே சந்தேகம்தான். "காலையில நானும் வரேன்மா," என்றேன்.

3. எள்ளு வயலில்

முந்தின நாள் பொழுது சாய்ந்ததும், தேனீக்கள் எல்லாம் கூடு திரும்பிய பிறகு, அவள் பெட்டி வாசல்களை வலையால் அடைத்திருந்தாள். விடியும்போது பெட்டிகளை ஏற்றிக் கட்டினோம். ஒவ்வொரு பெட்டியும் கையில் அதிர்ந்தது. கடைசிப் பெட்டி ஏறியபோது வண்டி வழக்கம்போலப் பின்பக்கம் உட்கார்ந்திருந்தது.

வயலில் ஏது கம்ப்ரசர்? டயருக்குக் காற்றடிக்கும் கால் பம்பு ஒன்றை அவள் வைத்திருந்தாள். வால்வில் மாட்டி மிதிக்கத் தொடங்கினாள். நான் டயருக்கு மேல் இருந்த இடைவெளியில் கையை வைத்துக்கொண்டு குந்தியிருந்தேன்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இருந்த என் கைக்கு இடம் கூடியது. இரண்டு விரல் நுழைந்த இடத்தில் மூன்று நுழைந்தது. பிறகு நாலு. இந்தப் பக்கம் முடித்து அந்தப் பக்கமும் மிதித்தாள். அத்தனை பெட்டிகளும் உள்ளே ரீங்கரித்துக்கொண்டே மெல்ல மேலே வந்தன. பின்பக்கம் சமமாக நின்றது.

நான் எழுந்திருக்கவில்லை. எத்தனையோ டன் இரும்பை இந்தக் கையால் மாற்றியிருக்கிறேன். ஒல்லியான ஒரு பெண் செருப்புக்காலால் மிதித்த காற்று, பாரத்தோடு ஒரு வண்டியைத் தூக்கி நிறுத்தியதை அன்றுதான் பார்த்தேன்.

"இன்னாண்ணா, போதுமா?"

"போதும்மா. பம்பு மீட்டரப் பாரு. பையோட வந்த தாள்ல போட்டிருக்கற அளவத் தாண்டாத."

பெட்டிகளை இறக்க வேண்டிய சீயமங்கலம் போகும் வழியெல்லாம் என் காது பின்பக்கமே இருந்தது. ஸ்பீடு பிரேக்கரில் அவள் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தாள். வண்டி ஏறியது, இறங்கியது. மோதும் சத்தம் வரவில்லை. அடுத்ததிலும் வரவில்லை. அப்போதுதான் அவள் பிடியைத் தளர்த்தினாள்.

குன்றடியில் புங்கமரங்கள் பூத்துக் கொட்டியிருந்தன. பெட்டிகளை இறக்கி, வலையை எடுத்தாள். வெளியே வந்த தேனீக்கள் உடனே பறந்து போய்விடவில்லை. பெட்டியைப் பார்த்தபடி காற்றில் நின்று, இப்படியும் அப்படியும் ஆடின.

"எடத்த மனப்பாடம் பண்ணுதுங்க," என்றாள். "சாயங்காலம் வீடு திரும்பணுமில்ல."

பிறகு ஒரு பெட்டியைத் திறந்து சட்டத்தைத் தூக்கி வெயிலில் காட்டினாள். அடை முழுதாக இருந்தது. ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. அவள் கண் கலங்கியது. நான் மரத்தைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டேன்.

கிளம்பும்போது அவளை நிறுத்தினேன். "காலி வண்டிக்கு இவ்ளோ காத்து ஆவாது. கொறைக்கணும். ஆனா மொத்தமா எறக்கிடாத, பையி காயில்ல மாட்டி நசுங்கிடும்."

அவளே வால்வை அழுத்தினாள். காற்று சீறிப் போய், வண்டி பழைய மட்டத்துக்கு இறங்கியது.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். ட்யூபை நேராக வெட்டுங்கள், சூடு படாமல் கட்டுங்கள். காற்றுப் பை இருக்கிறது என்று வண்டியின் எடைக்கு மேல் ஏற்றச் சொல்லாதீர்கள். இவையெல்லாம் பையோடு வரும் தாளிலேயே இருக்கும். அதில் இல்லாத ஒன்றை நான் அந்தக் குன்றடியில் கற்றுக்கொண்டேன். இப்போதெல்லாம் எந்த வண்டி வந்தாலும் ஜாக்கியை எடுப்பதற்கு முன் ஓட்டி வந்தவரிடம் முதலில் கேட்கிறேன்:

"இதுல இன்னா ஏத்திக்கினு போவீங்க?"