சுவரில் கிடந்த சிவப்பு

வீட்டுக்குள் படம் எடுப்பது கல்யாணப் படம் எடுப்பதைவிடக் கஷ்டம் என்று யாராவது சொல்லியிருந்தால் முன்பெல்லாம் சிரித்திருப்பேன். மனிதர்கள்தான் அசைவார்கள், கண்ணை மூடுவார்கள். சுவர் என்ன செய்துவிடும்? நிறம் மாறும். ஜன்னலருகே நீலமாக, வாழை நிற்கும் பக்கம் பச்சையாக, பல்பைப் போட்டால் மஞ்சளாக, ஒரே சுவர் கேமராவில் ஏழெட்டு விதமாக விழும். நம் கண்ணோ எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வெள்ளைதான் என்று சாதிக்கும்.

குழித்துறையில் ஸ்டூடியோ வைத்திருந்த நான் இதற்கு ஒரு வழி கற்றுவைத்திருந்தேன். கேமராவை ஸ்டாண்டில் அசையாமல் நிறுத்தி, அறையில் இருக்கிற வெளிச்சத்திலேயே ஒரு படம். ஃபிளாஷைக் கூரையைப் பார்த்து அடித்து, அதே இடத்திலிருந்து இன்னொரு படம். பிறகு கம்ப்யூட்டரில் ஒன்றின்மேல் ஒன்றை வைத்து, முதல் படத்தின் வெளிச்சத்தையும் இரண்டாவதன் நிறத்தையும் சேர்க்க வேண்டும். சொல்ல எளிது. செய்ய உட்கார்ந்தால் எது எதன் நிறம் என்று மண்டை குழம்பிவிடும்.

அந்தக் குழப்பத்தோடுதான் ஒரு கடற்கரை ஊருக்குப் புது வீட்டைப் படமெடுக்கப் போனேன். வீட்டுக்காரர் பஹ்ரைனில் ஒரு அரபியின் போட்டில் மீன்பிடிக்கிறார். வீடு மந்திரிப்புக்கு, பாதிரியார் வந்து புது வீட்டை ஆசீர்வதிக்கிற நாளுக்குக்கூட, அவருக்கு லீவு கிடைக்கவில்லை. மெயிலில் படம் அனுப்ப வேண்டுமென்று அவர் மனைவி கூப்பிட்டிருந்தார். ஹாலில் இயேசுவின் திருஇருதய ஆண்டவர் படமும் அதன் கீழே எரிகிற ஒரு குட்டிச் சிவப்பு பல்பும் இருந்தன. சாயங்கால வெளிச்சத்தில் எடுத்த படத்தில் சுவர் ரோஸாக விழுந்தது. நாங்கள் சாமி படம் வைக்காத சபைக்காரர்கள், எங்கள் வீட்டில் பைபிள் வசன காலண்டரைத் தவிர எதுவும் சுவரில் தொங்காது. எனக்கு அது ஒரு அலங்கார விளக்கு, அதுவும் வேலையைக் கெடுக்கிற விளக்கு.

ஸ்டூடியோவில் உட்கார்ந்து அந்த ரோஸை எடுத்தேன். எடுத்தால் சோபா பச்சையடித்தது. சோபாவைச் சரிசெய்தால் தேக்குக் கதவு சாம்பலானது. கடைசியில் பொறுமை போய், சுவர் முழுவதுக்கும் ஃபிளாஷ் படத்தையே போர்த்திவிட்டேன். சுவர் பால்வெள்ளையானது. ஃபிளாஷ் வெளிச்சத்தில் அந்த பல்பு மட்டும் வெறும் பிளாஸ்டிக் மூடி மாதிரி நின்றது. அதை யார் பார்க்கப்போகிறார்கள்? அனுப்பிவிட்டு என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் அந்த அக்கா போனில் அழுதார்.

“தம்பி, அவரு வெளக்க எப்பம் அணச்சன்னு கேட்டு ஏசுகாரு. அணைக்கவே இல்லன்னு சொன்னா, போட்டோவுல அணஞ்சு கெடக்கே, பொய் சொல்லாதன்னு சொல்லுகாரு. வெளக்கில்லாத வீட்ட வச்சுக்கிட்டு கடல்ல எறங்க மாட்டாராம். இன்னைக்கு போட்டுல ஏறலன்னா அரபி ஊருக்கு அனுப்பிருவான்.”

ஆள் கடலில் கிடக்கும்வரை அந்த வீட்டில் விளக்கு அணைவதில்லை. கரன்ட் போனால் மெழுகுவர்த்தி ஏற்றுவார்களாம். எனக்கு அப்போதுதான் தெரியும். சுவர் வெள்ளைதானே? வெள்ளையை வெள்ளையாகக் காட்டியதற்கு ஒருவருக்கு வேலை போகுமா? ஒன்றும் புரியாமல், திருத்தாத முதல் படத்தை அப்படியே அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பஹ்ரைனிலிருந்து அவரே கூப்பிட்டார்.

“தம்பி, இதுல வெளக்கு எரியுது. நான் கேட்ட பொறவு போட்டு எடுத்ததா?”

“இல்லண்ணே. ரெண்டும் அன்னைக்கே அடுத்தடுத்து எடுத்தது.”

“அதெப்பிடி ஒண்ணுல எரியும், ஒண்ணுல எரியாது?”

ஃபிளாஷ் பெரிய வெளிச்சம், பெரியது சின்னதை விழுங்கிவிடும் என்று விளக்கினேன். விளக்க விளக்க எனக்கே நம்பிக்கை குறைந்தது. அந்தப் பக்கம் யாரோ மலையாளத்தில் அவரை அவசரப்படுத்தினார்கள்.

“அது கெடக்கட்டு. செவரு ஏன் ரோஸா கெடக்கு? நான் வெள்ளையில்லா அடிக்கச் சொன்னேன்?”

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

“வெள்ளதாண்ணே அடிச்சிருக்கு! ஒங்க வெளக்குல உள்ள செவப்புதான் செவரெல்லாம் கெடக்கு. அத எடுக்கத்தான் நான் இந்தப் பாடு பட்டேன்.”

அவசரப்படுத்திய ஆளிடம் இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்டார்.

“அந்தச் சின்ன பல்பா? செவரு முழுக்கவா அடிக்குது?”

“முழுக்கண்ணே. சோபா வரைக்கும் அடிக்குது.”

“சோபா வரைக்குமா,” என்று மெதுவாகச் சொன்னார். குரல் உடைந்திருந்தது. ஏனென்று அப்போது விளங்கவில்லை.

“சரி தம்பி. நான் போட்டுல ஏறுகேன். அவள அழாண்டாம்னு சொல்லிரு.”