ஊதுங்கக்கா

"இழுங்க, இழுங்க, உள்ள இன்னும் இடம் இருக்கு, இழுங்க. ம்... இப்ப ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க, பாதியில விட்டுடாதீங்க..." சொல்லச் சொல்லவே, சொல்கிறவருக்கும் கன்னம் உப்பிவிடுகிறது, குதிகால் தரையை விட்டு எழும்பிவிடுகிறது. ஊதி முடித்தவர் சாதாரணமாக உட்கார்ந்திருப்பார், இவருக்குத்தான் மூச்சு வாங்கும்.

நுரையீரல் ஆராய்ச்சி நிலையத்தின் இரண்டாம் மாடியில், ஒரு நாற்காலியும் ஒரு கருவியும் மட்டும் கொள்ளும் சின்ன அறை. கருவியில் மாட்டிய அட்டைக்குழாயில் ஊதினால், மூச்சின் வேகம் திரையில் கோடாக வரும். பத்தொன்பது வருடமாக இவருக்கு இதுதான் வேலை. வருகிறவர்கள் யாரும் பெயரைக் கேட்டதில்லை. எல்லோருக்கும் 'ஊதுங்கக்கா'.

ஆள் ஒல்லி. குரல் மட்டும் லிஃப்ட் வரைக்கும் கேட்கும். பல்செட்டைக் கழற்றச் சொல்வதையும் இடுப்பு பெல்ட்டைத் தளர்த்தச் சொல்வதையும் பக்கத்து வீட்டுக்காரரிடம் தீப்பெட்டி கேட்பது போல அவ்வளவு இயல்பாகச் சொல்லிவிடுவார். வீட்டுக்குப் போனாலும் காது ஓயாது. கணவர் படியேறும் சத்தத்திலேயே, "இன்னைக்கு எட்டாவது படியிலேயே நின்னுட்டீங்க" என்பார். தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்த கொழுந்தனை, "மறுபடி சிகரெட் ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டுவிட்டார். அதிலிருந்து கொழுந்தன் குறுஞ்செய்தி மட்டும்தான் அனுப்புகிறார்.

போன வருடம் ஆஸ்துமாவுக்கு ஒரு புது மருந்தை அங்கே பரிசோதித்துக்கொண்டிருந்தார்கள். முந்நூற்றுச் சொச்சம் பேர் மாதாமாதம் வந்து ஊதவேண்டும். அதில் ஒருவர், ஐம்பது வயதைத் தாண்டிய தையல்காரம்மா. ஏழு வருடமாக இன்ஹேலர் இழுக்கிறார், மூச்சுத்திணறல் குறைந்தபாடில்லை. புது மருந்துக்கும் அசையவில்லை. மூன்றாவது மாதமும் கோடு அதே மாதிரி வந்தது. மற்றவர்களுக்கு மலை போலச் சட்டென்று ஏறிச் சரியும். இவருக்கு மட்டும் ஊதும்போது வரும் மேல்கோடும் தட்டை, இழுக்கும்போது வரும் கீழ்கோடும் தட்டை, மேஜையைப் பக்கவாட்டில் பார்த்தது போல.

ஆராய்ச்சியை நடத்திய பெரிய டாக்டர் தாளைப் புரட்டிப் பார்த்தார். ஒழுங்காக ஊதாதவர்களின் கோடு இப்படி வடிவம் கெட்டு வருவது வழக்கம்தான் என்றார். 'ஒத்துழைப்பு போதாது' என்று எழுதி, பட்டியலிலிருந்து எடுத்துவிடச் சொன்னார். கடுமையான மனிதர் இல்லை. அடுத்த மாதம் முடிவுகளைக் கொடுத்தாக வேண்டிய அவசரம் அவருக்கு.

ஊதுங்கக்கா நகரவில்லை.

"ஆறு தடவை ஊதினாங்க சார். ஆறும் ஒண்ணு மேல ஒண்ணு அப்படியே உக்காருது. ஏனோதானோன்னு ஊதுறவங்களுக்கு ஆறும் ஆறு மாதிரி வரும். சோம்பேறித்தனம் இப்படி அச்செடுத்த மாதிரி வராது."

யோசிக்கலாம் என்று சொல்லி டாக்டர் அடுத்த தாளை எடுத்துக்கொண்டார். அந்த 'யோசிக்கலாம்' எங்கே போய் முடியும் என்பது அக்காவுக்குத் தெரியும்.

திரும்பி வந்தால், தையல்காரம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது போலிருக்கிறது. "நான் சரியா ஊதலையாம்மா? போற இடமெல்லாம் இதையேதான் சொல்றாங்க. இதுக்கு மேல எப்படி ஊதுறதுன்னு எனக்குத் தெரியலை" என்றார்.

உங்கள் மேல் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டு, அக்கா எதிரே நின்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். கொடியில் துணி உலர்த்தக் கையைத் தூக்கினால் தலை கிறுகிறுக்கிறதாம். கழுத்தில் கட்டி, வீக்கம்? இல்லை, தைராய்டுக்கு ரத்தம்கூடப் பார்த்தாகிவிட்டது, எல்லாம் சரியாக இருந்தது. பிறகு, இதெல்லாம் ஒரு விஷயமா என்கிற தயக்கத்தோடு தையல்காரம்மா சொன்னார்: "உடம்பு ஏறவே இல்லை. ஆனா ரெண்டு வருஷத்துல என் ஜாக்கெட் கழுத்தை மட்டும் ரெண்டு தடவை பிரிச்சு விட்டிருக்கேன். அளவு எனக்குத் தப்பாதும்மா."

"ரெண்டு கையையும் காதோட ஒட்டி மேல தூக்குங்க. நான் சொல்ற வரைக்கும் இறக்காதீங்க."

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முகம் கருஞ்சிவப்பாகிவிட்டது, கழுத்து நரம்புகள் புடைத்துக்கொண்டன. கையை இறக்கச் சொல்லித் தண்ணீர் கொடுத்து, மூச்சு நிதானப்பட்டதும் அவரை அழைத்துக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனார் அக்கா. கதவைத் தட்டியதாக நினைவில்லை.

"சார், ஒரே ஒரு நிமிஷம். கோட்டைப் பாக்க வேண்டாம். இவங்க முகத்தைப் பாருங்க."

தையல்காரம்மா மறுபடி கையைத் தூக்கினார். டாக்டர் பேனாவை மூடிவைத்துவிட்டு எழுந்து வந்தார். பத்தே விநாடியில், போதும் இறக்குங்கள் என்றார்.

மறுநாள் எடுத்த ஸ்கேனில் எல்லாம் வெட்டவெளிச்சமாயிற்று. தைராய்டு கழுத்துக்கு வெளியே வீங்காமல் கீழ்நோக்கி வளர்ந்து, நெஞ்செலும்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு மூச்சுக்குழாயை நெரித்திருந்தது. பக்கத்து ரத்தக்குழாய்களையும் அது அழுத்தியதால்தான் கழுத்து பருத்ததும், கையைத் தூக்கினால் முகம் சிவந்ததும். சுரப்பு சரியாக இருந்ததால் ரத்தப் பரிசோதனையில் அது பிடிபடவில்லை. குழாயில் சுண்டுவிரல்கூட நுழையாத அளவுக்குத்தான் வழி மிச்சம் இருந்தது. ஆஸ்துமா அவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

அறுவைசிகிச்சை முடிந்து ஆறு வாரம் கழித்துத் தையல்காரம்மா வந்து ஊதினார். கோடு மலையாக ஏறிச் சரிந்தது. அவர் அழுதார், அக்கா அழவில்லை, ஊதிய களைப்பில் இருந்தார்.

அந்த ஆராய்ச்சியிலிருந்து 'ஒத்துழைப்பு போதாது' என்று ஒதுக்கப்பட்டவர்கள் மொத்தம் முப்பத்தொரு பேர். அவர்கள் தாள்களைப் பெரிய டாக்டர் மறுபடி வெளியே எடுத்தார். அக்காவும் அவரும் மூன்று மதியம் உட்கார்ந்து பார்த்ததில் இன்னும் இரண்டு மேஜைக் கோடுகள் கிடைத்தன. இரண்டு பேரையும் கூப்பிட்டு ஸ்கேன் எடுத்ததில் ஒருவருக்கு அதே கதை. இப்போது தட்டைக் கோடு வந்தால், கழுத்தையும் நெஞ்சையும் பார்க்காமல் யாரையும் நீக்கக்கூடாது என்று விதியையே மாற்றி எழுதியிருக்கிறார்கள்.

விதி வந்த வாரம் பெரிய டாக்டர் அந்தச் சின்ன அறைக்கு வந்தார். எத்தனையோ ஆயிரம் கோடுகளைப் படித்தவர், ஒருமுறைகூட அதில் ஊதியதில்லையாம். நாற்காலியில் உட்கார்ந்து, "எனக்கும் ஒண்ணு போடுங்க" என்றார். ஊதுங்கக்கா புதுக் குழாயை மாட்டினார். சட்டைக் காலரைத் தளர்த்தச் சொன்னார். மூச்சு மூக்கு வழியே நழுவாமலிருக்க, கிளிப்பை எடுத்து டாக்டர் மூக்கில் மாட்டினார், மற்றவர்களுக்கு மாட்டுவதைவிடக் கொஞ்சம் அழுத்தியே.