தேத்தண்ணி குடிக்காத வீடு

நெத்திலியின் தலையைக் கிள்ளி, வயிற்றுக் கறுப்பை நகத்தால் தள்ளி, உடம்பை மட்டும் தட்டில் போடுகிறார் மரியகொரெட்டி. நெத்திலி அவருடையதல்ல, வீடும் அவருடையதல்ல. மம்பாவ் ஊரைத் தாண்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கும் இந்த வீடு, அவருக்குப் பணம் தரவேண்டிய சுகுமாறனுடையது. சுகுமாறனுக்குச் சம்பளம் போட்ட வாரத்து ஞாயிறு, மாதா கோயிலில் பூசை முடிந்ததும் நேரே இங்கேதான் வருவார்.

வசூலுக்கு வந்த இடத்திலும் கை சும்மா இருக்காது. "குடு பிள்ள, நீ எப்பக் கிள்ளி எப்பச் சம்பல் வைக்கிறது?" என்று சுகுமாறனின் மனைவி ரதியிடமிருந்து தட்டைப் பிடுங்கிக்கொள்வார். வெங்காயம் இருந்தால் வெங்காயம், கீரை இருந்தால் கீரை. ஆனால் அந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டார். பையில் சொந்தப் போத்தல் இருக்கும். ரதி ஒவ்வொரு முறையும் தேத்தண்ணி கலக்கிக் கொண்டுவந்து வைப்பாள். அது அங்கேயே ஆடை கட்டி ஆறிப்போகும்.

"கோவிச்சுக்காதம்மா. எஸ்டேட்ல காசு கொடுக்கவேண்டியவன் மொதல்ல தேத்தண்ணியத்தான் ஊத்துவான். குடிச்சிட்டா அப்புறம் கேக்க வாய் வராது. எங்கப்பா அப்படிக் குடிச்சுக் குடிச்சே ஏமாந்தவரு லா."

விருந்துகளுக்குச் சமைப்பது அவர் தொழில். முன்கை முழுக்க எண்ணெய் தெறித்த புள்ளிகள். கேஸ் அடுப்பின் இரைச்சலை மீறிப் பேசிப் பழகிய குரல், ரகசியம் சொன்னாலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.

சுகுமாறன் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். மகள் வயதுக்கு வந்த சடங்குக்கு மரியகொரெட்டிதான் சமைத்தார். முன்பணம் வந்தது, மீதி "அடுத்த மாசம் ஆன்ட்டி" என்பதோடு நின்றது. கடைசியில் சிறு தொகைகளுக்கான நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். வக்கீல் கிடையாது, அவரவர் வாயால்தான் பேசவேண்டும். ஆட்டுக்கறி வேகவில்லை, அதனால்தான் கொடுக்கவில்லை என்றார் சுகுமாறன். பணம் நின்றதைவிட அந்தச் சொல்தான் சுட்டது. "வேகாத கறியவா தம்பி எலும்புகூட மிச்சமில்லாம சூப்புனீங்க?" என்று தமிழிலேயே வெடித்துவிட்டு, பிறகு மாஜிஸ்திரேட்டுக்காக மலாயில் ஒருமுறை சொன்னார்.

தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. பணத்தை அங்கேயே எண்ணித் தருவார்கள் என்று நினைத்து, ஜிப் வைத்த பெரிய கைப்பை கொண்டுபோயிருந்தார். தீர்ப்புச் சொல்வதுதான் எங்கள் வேலை, வசூலிப்பது உங்கள் பாடு என்றாள் நீதிமன்றக் கவுன்டரில் இருந்த பெண். "ஜெயிச்சதுக்கு அப்புறந்தான் அலைச்சலே ஆரம்பிச்சிச்சு," என்பார்.

அந்தச் சடங்குக்கு எடுத்த சரக்கின் பாக்கி தீராமல் இனி ஒரு மூட்டை அரிசிகூடக் கடனில் கிடையாது என்றுவிட்டார் மளிகைக்காரர். செனாவாங்கில் ஒரு கல்யாணச் சமையல் வந்திருக்கிறது. சரக்கு எடுக்க வழியில்லாவிட்டால் அது கைநழுவிவிடும்.

"பெய்லிஃப் கூட்டிட்டுப் போங்கம்மா. இன்னும் எத்தன மாசம் அவங்க வீட்டு நெத்திலியக் கிள்ளிக்கிட்டு இருப்பீங்க?" என்றாள் அவர் மகள் ஃபெலிசியா.

பெய்லிஃப், வீட்டுச் சாமானைப் பறிமுதல் செய்து ஏலத்துக்கு அனுப்பும் நீதிமன்ற ஆள். வழக்குப் போட்டவரும் கூடப் போய், இதை எடுங்கள் என்று கைகாட்டவேண்டும். மரியகொரெட்டி தள்ளிப்போட்டதே அதனால்தான். அந்த வீட்டில் விலை போகிற பொருள் ஐஸ்பெட்டி ஒன்றுதான். அதில் தோசைமாவு அரைத்து வைத்துத்தான் ரதி அக்கம்பக்கத்தில் விற்கிறாள். வசூலுக்கு வந்து உட்கார்ந்த வேளைகளில் மாவுக்கு வருகிறவர்களை அவர் பார்த்திருக்கிறார்.

போன வாரம் மனுப் போட்டுவிட்டார். இன்றைக்கு வந்தது அதைச் சொல்ல.

"ஞாயிறும் லோட் இருக்குன்னு போயிட்டாரு ஆன்ட்டி," என்கிறாள் ரதி, தேத்தண்ணியை வைத்தபடி. வாசலில் சுகுமாறனின் பூட்ஸ் ஈரமண்ணோடு கிடக்கிறது. மூடிய அறைக்குள் காற்றாடி சுற்றும் சத்தம்.

கடைசி நெத்திலியையும் கிள்ளி முடித்து, கை கழுவிவிட்டு, அறைக்கதவின் முன் போய் நிற்கிறார். குரல் வழக்கத்துக்கு மாறாகத் தாழ்ந்திருக்கிறது.

"தம்பி, வர்ற புதன்கிழம பெய்லிஃப் வர்றாரு. நானும் கூட வருவேன். இன்னிக்குக் கொஞ்சமாச்சும் குடுத்தீங்கன்னா நிப்பாட்டச் சொல்றேன்."

காற்றாடி சுற்றுகிறது.

"கறி வெந்திருந்துச்சா இல்லியா? அதையாச்சும் சொல்லுங்க தம்பி."

ரதி தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். மரியகொரெட்டி அவள் பக்கம் திரும்புகிறார்.

"இனிமே நான் கேட்டு வரமாட்டேன் பிள்ள. செவ்வாக்கிழம மாவு அரைச்சு வைக்காத."

மேசையில் தேத்தண்ணி ஆடை கட்டியிருக்கிறது. அதை எடுத்து, நின்றபடியே அடிவரை குடிக்கிறார். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போகிறார்.