எண்ணெய்க் குளியலும் கண் புரையும்

தங்கள் ஆரோக்கியத்தைப் பற்றி ஓயாமல் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஸ்ரீரங்கத்தில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக வேலை பார்த்தபோது வந்த வெறுப்பு இது. இன்றுவரை குறையவில்லை.

டாக்டர் வீட்டுக்கு இரண்டு வாசல். நோயாளிகள் முன்வாசலில் வருவார்கள். தங்களுக்கு ஒரு நோயும் கிடையாது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிற பென்ஷன்காரர்கள், மத்தியானம் தெரு அடங்கிய பிறகு பின்வாசலில் வருவார்கள். அவர்களில் பெரிய புள்ளி, சர்க்கார் ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர்.

அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. வலது கண் ஏறக்குறையப் போய்விட்டது. "மருந்துக்குக் கரையாது சார், ஆபரேஷன்தான்" என்று டாக்டர் மூன்று முறை சொல்லிவிட்டார். அவரோ கண் கழுவுகிற தண்ணீரை மட்டும் சீசாவில் வாங்கி, அங்கவஸ்திரத்தில் சுற்றிக்கொண்டு போவார். போகும்போது, "ஏம்பா கம்பவுண்டர், நான் வந்தது வெளியிலே தெரியப்படாது" என்பார். "தெரியாதுங்க சார்" என்பேன்.

காலையில் காவேரியில், அம்மா மண்டபம் படித்துறையில் பார்த்தால் அவரே வேறு மனிதர். நானும் அங்கேதான் குளிப்பேன். ஈர வேஷ்டியோடு நின்றுகொண்டு, கேட்க ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிரசங்கம் செய்வார். "நாற்பது வருஷமா சனிக்கிழமை தவறாம எண்ணெய் ஸ்நானம். கண்ணாடின்னு ஒண்ணு என் மூக்கிலே ஏறினதில்லை. டாக்டர் வாசப்படி மிதிச்சதில்லை." முந்தின நாள் மத்தியானம்தான் எங்கள் வாசப்படியை மிதித்துவிட்டுப் போயிருப்பார். எனக்கு வாயெல்லாம் கசக்கும்.

அங்கே ரிட்டயரான வாத்தியார் ஒருவரும் வருவார். புரைக்கு ஆபரேஷன் பண்ணிக்கொண்டவர்; சோடாபுட்டிக் கண்ணாடியும் கைத்தடியுமாக, ஒவ்வொரு படியாகத் தட்டிப் பார்த்து இறங்குவார். அவரைக் கண்டால் ஹெட் கிளார்க்குக்கு உற்சாகம் பொங்கும்.

"என்ன ஓய், மூணாவது கால் முளைச்சுடுத்தா?"

"ஆமாம் ஓய், இது வழுக்கறதில்லை" என்பார் வாத்தியார். சுற்றி நிற்கும் கிழங்கள் வாத்தியாரைப் பார்த்துத்தான் சிரிக்கும். அவர்களில் பாதிப் பேருக்கு நான்தான் மருந்து கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கண் தெரியாத ஹெட் கிளார்க் எப்படித் தினமும் விழாமல் படியிறங்கினார்? அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. அவர் மனைவி குடத்தை எடுத்துக்கொண்டு எப்போதும் இரண்டடி முன்னால் நடப்பாள். நடக்கும்போது தனக்குத்தானே பேசிக்கொள்வாள். "இங்கே ஒரே பாசி." "கல்லு பேந்திருக்கு." "ஜலம் மூணு படி ஏறியிருக்கு." அவர் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு கால் வைப்பார். வைத்துவிட்டு, எல்லார் காதிலும் விழும்படி, "என்னடி தொணதொணப்பு!" என்று அதட்டுவார். அவள் அடுத்த படியைச் சொல்லத் தொடங்குவாள்.

அந்த ஐப்பசியில் மகளின் பிரசவத்துக்காக அவள் முசிறிக்குப் போனாள். மறுநாள் காலை அவர் தனியாகப் படித்துறைக்கு வந்தார். ஆற்றில் நல்ல வரத்து. மேல்படியில் நின்று சற்றுத் தயங்கினார். "கையைக் கொடுக்கட்டுங்களா சார்?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன கண் அவிஞ்சா போச்சு?"

நான் ஒதுங்கினேன். நான்காவது படியில் பாசி இருந்தது. அதைச் சொல்ல யாருமில்லை. கால் வழுக்கி முழங்கால் கல்லில் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. நானும் வாத்தியாரும்தான் தூக்கி ஜட்காவில் ஏற்றினோம். மற்றவர்கள் அவரவர் வேஷ்டியைப் பிழிந்துகொண்டிருந்தார்கள்.

முழங்கால் சிப்பியில் விரிசல் விட்டிருந்தது. டாக்டர் கட்டுப் போடும்போது, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "எல்லாம் அவளாலே வந்தது. ஊருக்குப் போகாம இருந்திருந்தா நான் விழுந்திருப்பேனா?" என்றார்.

"அம்மா இங்கே இருந்தா என்ன பண்ணியிருப்பாங்க?" என்று டாக்டர் கேட்டார்.

இப்போதாவது ஒத்துக்கொள்வார் என்று காத்திருந்தேன். அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இரண்டு மாதம் படுக்கை. நிறைமாத மகளை விட்டுவிட்டு ஓடிவந்த மனைவிதான் எல்லாம் பார்த்தாள். எழுந்து உட்காரத் தொடங்கியதும் மறுபடி பின்வாசல் சீசாவுக்கு என்னிடம் சொல்லி அனுப்பினார். நான் கொண்டுபோனேன். அவள் அதை என் கையிலிருந்து வாங்கி முற்றத்தில் கொட்டினாள்.

"ஆபரேஷன் பண்ணிக்கிறேளா, நான் முசிறிக்குக் கிளம்பட்டுமா? ரெண்டிலே ஒண்ணு சொல்லுங்கோ."

அவள் அவரிடம் குரல் உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். அடுத்த வாரமே டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

ஆபரேஷன் முடிந்து, கண்ணாடி வந்த அன்று அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். பிறகு காபியோடு வந்த மனைவியை உற்றுப் பார்த்தார்.

"என்னடி, இவ்வளவு நரை எப்போ வந்தது உனக்கு?"

"அஞ்சாறு வருஷமாச்சு" என்று சொல்லி, அவள் டம்ளரை அவர் பக்கத்தில் வைத்தாள்.