மனைவி பிடுங்கிய ஒரு வாளி

மல்வேர்னில் எங்கள் வீட்டுப் பின்வளவில், வைன் போடவென்று நான் நட்ட திராட்சைக் கொடிகள் மூன்றாம் வருடம்தான் காய்த்தன. செப்டம்பர் முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வேலைக்குப் போக முன்னம் ஒரு பழம், வந்ததும் ஒரு பழம் என்று வாயில் போட்டுப் பார்ப்பேன். புளிப்புக் குறையவேயில்லை. ஒக்டோபர் பிறந்ததும், உறைபனி எப்போது விழுமென்று போனை நோண்டியபடியே திரிந்தேன்.

"உந்தப் பழத்தைப் பிடுங்குங்கோவன். குளிர் வந்திட்டுது," என்றா மனைவி ஒருநாள் காலையில்.

"இன்னும் நாலு நாள் வெயில் பட்டால் இனிச்சிடும். நீர் கை வைக்காதையும்."

அன்றைக்கு ஓவர்டைம். இருட்டித்தான் வீட்டுக்கு வந்தேன். விடிந்ததும் போய்ப் பார்த்தால், இரவில் பழம் தின்ன வரும் ரக்கூன்கள் கொடியை உலுப்பிப் போட்டிருந்தன. ஒரு குலைகூட மிஞ்சவில்லை. அப்படியே படியில் இருந்துவிட்டேன்.

மனைவி பின்னால் வந்து நின்றா. "கோவிக்காதேங்கோ. நேற்று நீங்கள் வேலைக்குப் போனாப்பிறகு ஒரு வாளி பழம் பிடுங்கி பேஸ்மெண்டில வைச்சனான்."

சொல்லச் சொல்லக் கேட்காமல் செய்திட்டாவே என்று முதலில் கோபம்தான் வந்தது. பிறகு கீழே ஓடினேன்.

அந்த ஒரு வாளியில் போட்ட வைன், சீனி கூடுதலாகப் போட்டும் புளித்தது. மூன்று போத்தல்தான். மனைவி முகம் சுளிக்காமல் ஒரு கிளாஸ் குடித்தா.

"வாற வருஷம் எப்ப பிடுங்கிறதெண்டு நான் சொல்லுறன்," என்றா.

"ஓம்," என்றேன்.