இடிபடாத மெத்தைத் தொழிற்சாலையும் றெஜினா அன்ரியும்

செய்தி வந்தபோது நான் பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் இருந்தேன். அழைத்தது றெஜினா அன்ரியின் மகள் ஷெரின் அக்கா. "அபி, அம்மா விடியக்காலமை போயிட்டா. நெஞ்சுநோ எண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனனாங்கள்... கமிற்றி ஆக்களுக்கு நீ ஒருக்காச் சொல்லிவிடு. எனக்கு ஏலாமல் கிடக்கு" என்றார். நான் கமிற்றியின் தொலைபேசிக் குழுவில் எழுதினேன். உடனே பதில்கள் வந்தன. எல்லாம் சிரிக்கிற முகங்கள். சிவஞானம் அங்கிள் மட்டும் கொஞ்சம் கோபமாக, "உது சரியில்லைப் பிள்ளை. உயிரோட இருக்கிற மனிசியை வைச்சுப் பகிடி விடாதை" என்று எழுதியிருந்தார். போன மாதம் அவருக்குக் குலுக்கலில் ஓர் ஆடு விழுந்திருக்கிறது, உயிரோடு வந்து இறங்கப்போகிறது என்று நம்பவைத்தவள் நான்தான். அவரைக் குறை சொல்ல முடியாது. ஒவ்வொருவராக அழைத்து, நான் அழுவதைக் கேட்கவைத்த பிறகுதான் நம்பினார்கள். ஒரு சாவுச் செய்தியைக்கூட நம்பவைக்க முடியாத அளவுக்குப் பெயர் எடுத்து வைத்திருக்கிறேன். இதைச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கக்கூடியவர் றெஜினா அன்ரி ஒருவர்தான். அன்றைக்குப் பார்த்து அவர் இல்லை.

முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் எனக்கு இரண்டு பக்கம் தந்திருக்கிறார்கள். "அழுகை குறைவா எழுது, அம்மாக்குப் பிடிக்காது" என்று ஷெரின் அக்கா கட்டளை வேறு போட்டிருக்கிறார். இதை வாசிக்கிறவர்களில் சிலருக்கு அவரைத் தேவாலயப் பாடகர் குழுவில் தெரியும்: ஓர்கன் தொடங்குவதற்கு முன்பே பாடத் தொடங்கிவிடுகிறவர். சிலருக்கு அவருடைய மீன் ரோல்ஸைத் தெரியும். எனக்கு அவரைத் தெரிந்தது ஒரு கட்டடத்தால். டோர்செட் பார்க் மாடிக் கட்டடங்களுக்குப் பின்னால், தண்டவாளத்தை ஒட்டி, மரம் அரியும் வாளின் பல்லைப்போலக் கூரை வைத்த நீளமான செங்கல் கட்டடம். மெத்தைகள் செய்த தொழிற்சாலை. எனக்கு விவரம் தெரிந்த நாளில் இருந்து பூட்டித்தான் கிடந்தது. ஜன்னல்களுக்குப் பலகை அடித்திருந்தார்கள். கூரையில் ஒரு மரமே முளைத்திருந்தது.

எனக்குப் பதின்மூன்று வயது இருக்கும். நானும் இரண்டு தோழிகளும் ஒரு மட்டையில் அறிவித்தல் எழுதி அந்த வேலியில் கட்டினோம்: "வாடகைக்கு. பேய்களுக்கு மட்டும். இரண்டு அறை. கார் நிறுத்த இடம் இலவசம்." பொலிஸ் வந்தாலும் விளங்கக்கூடாது என்று தமிழில் எழுதியிருந்தோம். கட்டி முடித்துத் திரும்பினால், பின்னால் ஒரு பெண் நிற்கிறார். கட்டையான உருவம், ஊதா நிறக் குளிர்ச்சட்டை, கையில் பாண் பை. தோழிகள் ஓடிவிட்டார்கள். எனக்குச் சப்பாத்து நாடா அவிழ்ந்திருந்தது. அவர் அறிவித்தலை நிதானமாக வாசித்தார்.

"பேய்க்கு ஏன் பிள்ளை ரெண்டு அறை? ஆக்களுக்கே ஒண்டு இல்லை."

"ஒண்டு படுக்க அன்ரி, மற்றது பயப்படுத்த" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. பையில் இருந்து ஒரு தடித்த பேனையை எடுத்து, "பேய்களுக்கு" என்பதை வெட்டி "ஆக்களுக்கு" என்று எழுதினார். பிறகு, "இப்ப சரி. இனி உதை உண்மையாக்க வேணும். உன்ர பேர் என்ன?" என்று கேட்டார். வேலியில் மட்டை கட்டப் போனவள், அந்தக் கட்டடத்தை வீடுகளாக்கக் கேட்கிற ஒரு கமிற்றியில் உறுப்பினராகி வீட்டுக்கு வந்தேன்.

அந்தத் தொழிற்சாலையில் அவர் பத்தொன்பது வருடங்கள் வேலை செய்தவர். மெத்தைக்குள் போகும் சுருள் கம்பிகளை வரிசையாகப் பின்னும் பகுதி. "நாங்கள் சனத்தைப் படுக்க வைச்ச ஆக்கள். இப்ப சனத்துக்குப் படுக்க இடமில்லை, உது சும்மா கிடக்கு" என்பார். ஒரு வீடமைப்பு நிறுவனம் இடத்தை எடுத்து, இரண்டு திட்டங்கள் போட்டிருந்தது. முதலாவது, எல்லாவற்றையும் இடித்து ஒரு கோபுரம். இரண்டாவது, பழைய கட்டடத்தை அப்படியே வைத்து, உள்ளே வீடுகளும் ஊருக்குப் பொதுவான மண்டபமும் செய்து, பின்புறம் மட்டும் புதிதாகக் கட்டுவது. அன்ரிக்கு வேண்டியது இரண்டாவது. மாடி வீட்டை ஊரில் மெத்தை வீடு என்பார்கள்; மெத்தைத் தொழிற்சாலை மெத்தை வீடாகப் போகிறது என்று நான் சொன்ன அன்றைக்குத்தான் அவர் என் பகிடிக்கு முதன்முதலாகச் சிரித்தார்.

கட்டடக்கலைஞரோடு உள்ளே போன நாளை மறக்க முடியாது. தலையில் தொப்பி, காலில் இரும்பு வைத்த சப்பாத்து, எனக்கோ நிலவுக்குப் போகிற மாதிரி உற்சாகம். கூரை ஜன்னல்களில் இருந்து வெளிச்சம் தூசிக்குள்ளால் சாய்ந்து விழுந்தது. கட்டடக்கலைஞர் பொது மண்டபத்தை முன்பக்க அலுவலக அறைகளில் வரைந்து வைத்திருந்தார். அன்ரி வரைபடத்தில் விரலை வைத்து, "உது மனேச்சர்மார் இருந்த இடம். அதுக்குள்ள ஆரும் சிரிச்சதை நான் காணேல்லை" என்றார். பிறகு எங்களை லொறிகளில் மெத்தை ஏற்றும் மேடைக்குக் கூட்டிப்போனார். மத்தியானம் அந்தப் பெரிய கதவை மேலே தூக்கிவிட்டால் வெயில் நேரே உள்ளே வருமாம். மார்கழியிலும் வருமாம். எல்லா நாட்டுச் சனமும் அங்கே இருந்துதான் சாப்பிட்டார்களாம். "வெயில் இருக்கிற இடத்திலதான் சனம் தானாக் கூடும். நீங்கள் கதிரை போட்டுக் கூப்பிடத் தேவையில்லை." கட்டடக்கலைஞர் தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த கிழமை தனியாக ஒரு மத்தியானம் வந்து, வெயிலைப் பார்த்துவிட்டு, மண்டபத்தை மேடைக்கு மாற்றி வரைந்திருந்தார். எனக்குச் சந்தோசத்தில் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தியும் விட்டேன்.

இனி என் குற்றம். இதை எழுதாமல் விட்டால் அன்ரி கனவில் வந்து காதைத் திருகுவார்.

ஊர்ச் சனத்திடம் கருத்துக் கேட்க ஒரு கூட்டம் வைத்தார்கள். இரண்டு திட்டங்களையும் பெரிய பலகைகளில் ஒட்டியிருந்தார்கள். வருகிற ஒவ்வொருவருக்கும் இரண்டு நிறங்களில் வட்ட ஸ்ரிக்கர்கள். விரும்புகிற இடத்தில் பச்சை, விரும்பாத இடத்தில் சிவப்பு ஒட்ட வேண்டும். பள்ளிக்கூடத்துக்குத் தொண்டு வேலை காட்ட வேண்டியிருந்ததால், வாசலில் நின்று ஸ்ரிக்கர் கொடுத்துத் தமிழில் விளக்குகிற வேலை எனக்கு. முதல் பத்துப் பேருக்கு ஒழுங்காக விளக்கினேன். பிறகு அலுத்துவிட்டது. "அன்ரி, பிடிச்ச இடத்தில ஒரு பொட்டு வையுங்கோ" என்று சொல்லிச் சொல்லி உள்ளே விட்டேன். அவர்கள் கையில் பச்சையும் இருக்கிறது, சிவப்பும் இருக்கிறது. பொட்டு என்றால் எதை வைப்பார்கள்? புதுக் காருக்கு வைக்கிறார்கள், குளிர்சாதனப் பெட்டிக்கு வைக்கிறார்கள், என் மடிக்கணினிக்கே அம்மா வைத்தார். எல்லாம் சிவப்புத்தான். பழைய கட்டடத்தின் பலகை முழுக்கக் குங்குமம். சிலர் பச்சையைச் சந்தனமாக்கிக் கீழே ஒட்டி, அதன் நடுவில் சிவப்பை வைத்திருந்தார்கள். கோபுரத்தின் பலகை துடைத்த மாதிரிச் சுத்தமாக இருந்தது. அன்ரி, வந்தவர்களுக்கு ரோல்ஸ் கொடுத்த மேசையை விட்டு அசையவில்லை. தன்னுடைய ஒற்றைப் பச்சையை முதலாவதாக ஒட்டிவிட்டுப் போனவர்தான். நான் வெற்றி என்று நினைத்து அந்தப் பலகைக்கு முன்னால் நின்று படம்கூட எடுத்துக்கொண்டேன்.

இரண்டு கிழமையில் அறிக்கை வந்தது. அப்பகுதித் தமிழ் மக்கள் பழைய கட்டடத்தைக் கடுமையாக எதிர்க்கிறார்கள், ஆகவே இடிப்பதே நல்லது.

பஸ்ஸில் இருந்து வாசித்தேன். அடுத்த தரிப்பிலேயே இறங்கி அன்ரி வீட்டுக்கு ஓடினேன். அன்ரியின் கட்டடத்தில் லிஃப்ற் வழமைபோல வேலை செய்யவில்லை. ஒன்பது மாடி ஏறி, கதவு திறந்ததும் மூச்சுக்கூட விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். அடிக்கப்போகிறார் என்றே நினைத்தேன். திடீரென்று நிலத்தில் இருந்துவிட்டார். தோள் குலுங்கியது. அழவில்லை, சிரிக்கிறார்! "சந்தனமும் வைச்சவையோ? ஐயோ மாதாவே, சந்தனமுமோ?" என்று கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். பிறகு சட்டென்று நிறுத்தினார். "அபி, பகிடி பிழைச்சால் இன்னொண்டு விடலாம். கட்டடம் இடிஞ்சால் திருப்பி வராது. வா, போய்ச் சொல்லுவம்."

"பொய் சொல்லுவமோ அன்ரி?"

"விசரி! போய், உண்மையைச் சொல்லுவம். நீதான் சொல்லுவாய்."

நகரசபைக் கூட்டத்தில் பேச ஆளுக்கு ஐந்து நிமிடம். நான் ஒலிவாங்கிக்கு முன்னால் போய், பிழை என்னுடையது, சிவப்பை "வேண்டும்" என்று ஒட்ட வைத்தது என் வாய் என்று சொல்லி முடிக்க ஒரு நிமிடமும் ஆகவில்லை. வாழ்க்கையில் பகிடி கலக்காமல் நான் பேசிய மிக நீளமான பேச்சு அது. பிறகு அன்ரி எழுந்தார். சிவஞானம் அங்கிளின் புதுக் காரை, கோயிலில் பூசை முடிந்த கையோடு எடுத்த படத்தைப் பெரிதாக்கிக் கொண்டுவந்திருந்தார். முன்பக்கத்தில் குங்குமம், சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம். அவருடைய ஆங்கிலத்தில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "உங்கட அறிக்கையின்படி பார்த்தால் இந்த மனிசன் தன்ர காரை வெறுக்கிறார். அவரையே கேட்டுப் பாருங்கோ." சிவஞானம் அங்கிள் பின்வரிசையில் எழுந்து, இல்லை என்று இரண்டு கையையும் ஆட்டினார். கவுன்சிலர்கள் சிரித்தார்கள். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஒருவருக்குப் புரைக்கேறியது. அறிக்கை திருப்பி அனுப்பப்பட்டது. மறுபடி கூட்டம் வைத்தார்கள். இந்த முறை ஸ்ரிக்கர் இல்லை. ஒவ்வொருவரும் வாயால் சொன்னதை எழுதி எடுத்தார்கள். பழைய கட்டடம் தப்பியது! நானும் அன்ரியும் நகரசபை வாசலில் கட்டிப்பிடித்துத் துள்ளியதைப் பார்த்து ஒரு காவலாளி எங்களுக்குக் குலுக்கலில் ஏதோ விழுந்துவிட்டது என்று நினைத்தார்.

அவர் தனக்கு ஒரு வீடு வேண்டித்தான் இவ்வளவும் செய்தார் என்று பலர் நினைத்தீர்கள். நானும் நினைத்தேன். விண்ணப்பங்கள் திறந்த அன்று அவருக்காகப் படிவத்தை நிரப்பிக்கொண்டு போனேன். முழங்கால் நோவோடு ஒன்பது மாடி ஏறுகிறவருக்கு அது வரம் இல்லையா? அவர் படிவத்தைத் திருப்பித் தந்துவிட்டார். "எனக்கு வேண்டாம். பத்தொன்பது வருஷம் உதுக்குள்ள இருந்திட்டன், காணும்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அப்படியென்றால் ஏன் இந்தப் பாடு என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னார். தொழிற்சாலையை மூடிய அன்று, முன்வாசலால் விடாமல், பக்கத்துக் கதவைத் திறந்து ஒவ்வொருவராக வெளியே அனுப்பினார்களாம். பையைக்கூடத் திறந்து பார்த்தார்களாம். "அந்தக் கதவால சனம் உள்ளுக்குப் போறதை ஒருக்காப் பாக்கவேணும். அவ்வளவுதான் அபி."

பார்த்தார். இந்த வருடம் பனி கரைந்த பிறகு, வேலை முடியும் தறுவாயில், கமிற்றியைச் சுற்றிக்காட்டக் கூப்பிட்டார்கள். அந்தப் பக்கத்துக் கதவை அகலமாக்கி, சக்கர நாற்காலியும் போகும்படி சரிவுப் பாதை போட்டிருந்தார்கள். வீடு கிடைத்தவர்களில் இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளோடு வந்திருந்தன. எல்லோரும் அன்ரியை முன்னால் போகச் சொன்னோம். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். "நீங்கள் போங்கோ. நான் கடைசியா வாறன். அண்டைக்குக் கடைசியா வெளியில வந்தது நான்தான்." பிள்ளைகள் அவருடைய கைக்குக் கீழால் குனிந்து ஓடினார்கள். ஒரு காலத்தில் இயந்திரங்களைத் தாங்கிய தளத்தில் அவர்கள் துள்ளிய துள்ளலைக் கேட்டுக்கொண்டே அவர் மெதுவாக உள்ளே வந்தார். முகத்தில் அப்படி ஒரு வெற்றி. போன சனிக்கிழமை எல்லா வீடுகளுக்கும் ஆட்கள் வந்துவிட்டார்கள். எல்லோரும் அந்தக் கதவால்தான் போனார்கள், கட்டில்களையும் தூக்கிக்கொண்டு. நான் நின்று பார்த்தேன், அவருக்கும் சேர்த்து.

அவரிடம் இருந்து எனக்கு ஒன்று ஒட்டிக்கொண்டுவிட்டது. அவரோடு பஸ்ஸில் போவது ஒரு தனிக் கூத்து. ஜன்னல் பக்கம் இருந்துகொண்டு, பூட்டிக்கிடக்கும் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஆள் நியமிப்பார். "உந்தத் தளபாடக் கடையைப் பார். மேல ஆறு குடும்பம், கீழ குழந்தைப் பராமரிப்பு. உந்தப் பழைய தியேட்டர் வயசுபோன ஆக்களுக்கு, சரிவாக் கிடக்கிறபடியால் நிலத்தை மட்டமாக்க வேணும்." கண்ணாலேயே குடியேற்றுகிறீர்களே என்று கேலி செய்தால், "முதல்ல கண் குடிபோக வேணும். சாவி பிறகு வரும்" என்பார். அந்தக் கண்தான் இப்போது என்னிடம் இருக்கிறது. எந்தப் பூட்டையும் சும்மா கடந்துபோக முடியவில்லை. நேற்று, மூடிக்கிடக்கும் ஒரு பௌலிங் மண்டபத்தில் பதினொரு குடும்பங்களைக் குடியேற்றிவிட்டு, என் பஸ் தரிப்பையும் தவறவிட்டு, இரண்டு தரிப்புத் தள்ளித்தான் இறங்கினேன். நடுவில் இருக்கிற குடும்பத்துக்கு ஜன்னல் இல்லை. கூரையைத் திறக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.