சண்டை போடாத வீடு

அவள் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த காலத்தில், அவள் வாய்க்குப் பயந்தே படிக்கட்டில் தொங்கியவர்கள் எல்லாம் உள்ளே ஏறினார்கள். டிரைவர்கள் அவளுக்கு வைத்த பெயர் விசில். புற்றுநோய் வந்து வலது மார்பை எடுத்து மூன்று வருடமாகிறது. அந்தப் பக்கத்துக் கை அடிக்கடி வீங்குவதால், டெப்போவில் தவறவிட்ட பொருட்கள் பிரிவில் உட்கார வைத்துவிட்டார்கள். குடை, சாப்பாட்டு டப்பா, ஒற்றைச் செருப்பு என்று வந்து சேரும். ஒற்றைச் செருப்போடு ஒரு ஆள் எப்படி வீடு போய்ச் சேர்ந்திருப்பான் என்று அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

உடம்பு தேறிவிட்டது. ஆனால் அவளோடு யாரும் சண்டை போடுவதில்லை.

ஐந்து நிமிடத் தாமதத்துக்கு அவளோடு மல்லுக்கு நின்ற டிரைவர்கள், இப்போது தலையைச் சாய்த்துக்கொண்டு "நல்லா இருக்கீங்களாக்கா?" என்கிறார்கள். கல்லூரியில் படிக்கும் மகள், "நீ டென்ஷன் ஆகாதம்மா" என்று கையிலிருந்து துடைப்பத்தைப் பிடுங்கிக்கொள்கிறாள். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வீட்டுக்காரரைத்தான் தாங்க முடியவில்லை. அவர் லிஃப்ட் மெக்கானிக். ஃபேன் வேகத்துக்கும், ஜன்னல் கதவுக்கும், கட்டில்மேல் கிடக்கும் ஸ்பேனருக்கும் அவர்கள் இருவரும் போட்ட சண்டையில் கீழ்வீட்டுக்காரர் இரண்டு தடவை மேலே வந்து கதவைத் தட்டியிருக்கிறார். அப்படிப்பட்ட மனிதர் இப்போது எதற்கெடுத்தாலும் "சரிம்மா" என்கிறார்.

அவள் சும்மா விடவில்லை. ஒரு நாள் சமையலில் வேண்டுமென்றே உப்பை அள்ளிக் கொட்டினாள். மனிதர் மூன்று டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு "நல்லா இருக்கும்மா" என்றார். மறுநாள் அவருடைய அம்மாவைக் குறை சொன்னாள். "ஆமா, அம்மா கொஞ்சம் அப்படித்தான்" என்றார். அதைக் கேட்டதும்தான் அவளுக்குச் சந்தேகம் தட்டியது. அம்மாவை விட்டுக்கொடுக்கிற ஆளா இவர்? நோய் திரும்ப வந்துவிட்டதென்று டாக்டர் இவரிடம் தனியாகச் சொல்லியிருக்கிறார். போகப்போகிறவளோடு எதற்குச் சண்டை என்றுதான் இப்படி இருக்கிறார்.

அந்த நினைப்பு அவளை விடவில்லை. குளிக்கும்போது அக்குளைத் தடவித் தடவிப் பார்த்தாள். இருமினால் பயம், முதுகு வலித்தால் பயம். மகள் படிப்பை முடிப்பதைப் பார்ப்போமா என்று, யாரோ தொலைத்த குடைகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதாள். யாரிடமும் சொல்லவில்லை. தைரியசாலி என்று ஊரெல்லாம் பேர் வாங்கியவள் போய் எனக்குப் பயமாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் சவரம் செய்துகொண்டிருந்த நேரத்தில், பீரோவிலிருந்து ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்துக் கட்டிலில் பரப்பினாள். எல்லாத் தாளிலும் பயப்பட ஒன்றுமில்லை என்றுதான் இருந்தது. போன மாதத் தாளிலும் அப்படியே. அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. முகத்தில் பாதி நுரையோடு வந்து நின்றவரிடம் கேட்டேவிட்டாள்.

"மறைச்சு வச்ச தாள் எங்கங்க?"

"எந்தத் தாள்?"

"எனக்குத் திரும்ப வந்துடுச்சுன்னு சொல்ற தாள். அது இல்லன்னா ஏன் என்கூட சண்டையே போட மாட்டேங்கறீங்க? சாகப்போறவகிட்ட பேசற மாதிரியே பேசறீங்க."

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து முறுக்கினார். அவளைப் பார்க்காமலே சொன்னார்.

"தாளெல்லாம் ஒண்ணும் இல்ல. உனக்கு ஆபரேஷன் நடந்தப்ப வெளியில பக்கத்துல உக்காந்திருந்தவர் சொன்னார். மனசு நொந்து நொந்துதான் பொம்பளைங்களுக்கு இது வருதாம். இத்தனை வருஷமா உன்னைக் கத்த வச்சது நான்தானே. இனிமே வாயத் திறக்கக் கூடாதுன்னு அங்கயே முடிவு பண்ணிட்டேன்."

மூன்று வருடமாக இந்த மனிதர் இதைத் தனியாகச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார்.

"டாக்டர்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"ஆமான்னு சொல்லிட்டார்னா?"

"நான் கேட்டேன். என் கோபத்தாலதான் வந்துச்சான்னு. கோபத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னார்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "சண்டையால வர்றதுன்னா, என் வாய்க்கு உங்களுக்குல்ல முதல்ல வந்திருக்கணும்? நான்தானே அதிகமா கத்தினது."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அதெல்லாம் இல்ல. நான்தான் அதிகமா கத்தினேன்."

"நான்தாங்க."

"எதை எடுத்தாலும் உனக்கு நீதான் முதல்ல நிக்கணும்." குரல் மெல்ல ஏறியது. நுரை கழுத்தில் வழிந்ததை அவர் கவனிக்கவில்லை. "அடுத்தவன் சொல்றத ஒரு தடவையாவது முழுசா கேட்டிருக்கியா நீ?"

சாகப்போகிறவளை யாரும் இப்படித் திட்ட மாட்டார்கள். அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அவர் பதறிப்போய் எழுந்து, "தப்பா சொல்லிட்டேன்மா, விடு" என்றார்.

"நிறுத்தாதீங்க," என்றாள் அவள். "இன்னும் கொஞ்சம் திட்டுங்க."